போன வருட வெட்டுப்புள்ளி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை

உயர்தரப் பெறுபேறு வெளியான மறுநாளிலிருந்து, ஹட்டனிலோ தலவாக்கலையிலோ எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இந்தப் பேச்சுத்தான்: "போன வருஷ வெட்டுப்புள்ளிய விட நம்ம புள்ளைக்குக் கூட வந்துருக்கு. கம்பஸ் கெடைச்ச மாதிரிதான்." டியூஷன் சேர் சொல்கிறார், அச்சகக்காரர் சொல்கிறார், பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறவர்கூடச் சொல்கிறார். பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளி அறிவிப்புக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி. அந்த இடைவெளி முழுவதும் இந்தக் கதைக்கு நல்ல விளைச்சல்.

கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இதைக் கேட்டுச் சலித்துவிட்டது. சலிப்போடு நின்றால் எழுத மாட்டேன். இந்தக் கதையை நம்பி லயத்தின் முன்னால் பதாகை கட்டுகிறார்கள். தோட்டை அடகு வைத்து மடிக்கணினி வாங்குகிறார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டிய பிள்ளை, "எனக்குத்தான் கம்பஸ் வரப்போகுதே" என்று அந்த விண்ணப்பத்தைக் கையால் தொடுவதில்லை. பிறகு வெட்டுப்புள்ளி வருகிறது. பெயர் இல்லை. கல்வியியற் கல்லூரியின் விண்ணப்பத் திகதியும் அதற்குள் போய்விடுகிறது.

எனவே முதலில் இந்தப் பெரிய பொய்யைப் பிரித்துப் போடுவோம். சின்னப் பொய்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: போன வருட வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டால் இடம் உறுதி

உண்மை: வெட்டுப்புள்ளி என்பது சித்தியடைவதற்கான புள்ளி அல்ல. அதைத் தாண்டினால் உள்ளே விடுவோம் என்று எந்த அதிகாரியும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முதலில் இடங்களை நிரப்புகிறது. நிரப்பி முடித்த பிறகு, ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் கடைசியாக உள்ளே போனவரின் இசட் புள்ளி என்ன என்று பார்த்து அட்டவணையில் போடுகிறது. அவ்வளவுதான் வெட்டுப்புள்ளி. அது தெரிவு முடிந்த பின் கிடைக்கும் விளைவு. அதைத் தெரிவுக்கான நிபந்தனை என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

நேற்று ஹட்டன் தரிப்பிடத்தில் கொழும்பு பஸ்ஸின் கடைசி இருக்கையைப் பிடித்தவர் 5.40க்கு வந்தார் என்பதற்காக, இன்று 5.35க்கு வருகிறவருக்கு இருக்கை உறுதியா? எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், இன்றைக்கு எத்தனை இருக்கை என்று பார்க்காமல் யாராவது அப்படிச் சொல்வார்களா? பஸ் விஷயத்தில் யாரும் இவ்வளவு ஏமாறுவதில்லை. பிள்ளையின் படிப்பு விஷயத்தில் மட்டும் ஊரே ஏமாறுகிறது.

இனி நம் மாவட்டத்தின் கணக்குக்கு வருவோம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் தகைமை வரிசையில் போகின்றன. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படுகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் உண்டு. கண்டியும் மாத்தளையும் கேகாலையும் இல்லை. நாவலப்பிட்டித் தோட்டத்துப் பிள்ளையும் கினிகத்தேனைப் பிள்ளையும் ஒரே மலையைப் பார்த்து வளர்ந்திருக்கலாம். ஆணைக்குழுவின் கணக்கில் ஒருவர் கண்டி, மற்றவர் நுவரெலியா.

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் சனத்தொகை 20,359,439. நுவரெலியா மாவட்டத்தில் 711,644. அதாவது நூற்றுக்கு மூன்றரை. இப்போது 100 இடங்கள் உள்ள ஒரு பாடநெறியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டங்களுக்கு 55 இடங்கள். அதில் மூன்றரை வீதம் எவ்வளவு? 1.92. அதாவது, இரண்டு இடங்கள். பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஐந்தையும் 16 மாவட்டங்கள் பங்கிட வேண்டும். அதில் நமக்கு முழுதாக ஓர் இடம் விழுவதே பெரிய காரியம்.

ஆக, அப்படியொரு பாடநெறிக்கு நுவரெலியா என்ற கட்டத்தில் நீங்கள் பார்க்கும் புள்ளி, போன வருடம் இந்த மாவட்டப் பங்கில் உள்ளே போன இரண்டாவது அல்லது மூன்றாவது பிள்ளையின் புள்ளி. ஒரே ஒரு பிள்ளையின் புள்ளி! அந்தப் பிள்ளை அன்று காய்ச்சலோடு பரீட்சை எழுதியிருந்தால் வெட்டுப்புள்ளி கீழே போயிருக்கும். அவருக்குக் கீழே இருந்தவர் இன்னொரு பாடத்தில் இரண்டு புள்ளி கூட எடுத்திருந்தால் மேலே போயிருக்கும். ஆயிரக்கணக்கானோரின் சராசரி வருடத்துக்கு வருடம் அதிகம் ஆடாது. இரண்டாவது ஆளின் புள்ளி ஆடத்தான் செய்யும். புள்ளிவிபரவியலில் இது முதலாம் பாடம்.

ஓர் உதாரணம், கற்பனைதான். போன வருடம் இரண்டாவது ஆளின் இசட் புள்ளி 1.62. இந்த வருடம் உங்கள் மகள் 1.65. ஊர் முழுக்க இனிப்பு கொடுத்தாயிற்று. ஆனால் இதே மாவட்டத்தில், இதே பாடநெறியைக் கேட்டவர்களில், 1.70க்கு மேல் மூன்று பேர் இருக்கிறார்கள். உங்கள் மகள் நான்காவது. இடம் இரண்டு. போன வருடத்தைத் தாண்டியதில் எள்ளளவும் சந்தேகமில்லை. இடம் கிடைக்காததிலும் சந்தேகமில்லை.

மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் அகில இலங்கைத் தகைமையிலேயே உள்ளே போய்விடுகிறார்கள் என்பதும் வருடத்துக்கு வருடம் மாறும். அவர்கள் மாவட்டப் பங்கைத் தொடுவதில்லை. அவர்கள் கூடினால் கீழே இருப்பவருக்கு யோகம். இடங்களின் எண்ணிக்கையும் நிலையாக நிற்பதில்லை. சப்ரகமுவ, வயம்ப, மொறட்டுவ என்று அண்மைய வருடங்களில் புதிய மருத்துவ பீடங்கள் வந்தன. ஒரு பீடம் புதிதாக வந்தால் அந்த வரிசை முழுவதும் நகரும். பிள்ளைகளின் விருப்பமும் மாறும்: ஒரு வருடம் எல்லோரும் கணினிப் பக்கம் ஓடுவார்கள், அடுத்த வருடம் தாதியியல் பக்கம். இவ்வளவும் சேர்ந்து தீர்மானிக்கும் எண்ணை, போன வருடப் பத்திரிகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்கிறார்கள். சோதிடரே இதைவிடக் கூச்சப்படுவார்.

இசட் புள்ளியே என்ன என்று பலருக்குத் தெரியாது என்பதுதான் வேதனை. 2001 முதல் நாம் வாழ்வது அந்த முறைக்குள். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது இசட். மூன்று பாடங்களுக்கும் அப்படி எடுத்து அவற்றின் சராசரியைப் போடுகிறார்கள். சராசரி 40, நியம விலகல் 15 என்றால் 70 எடுத்தவருக்கு 2.0. சராசரி 52 ஆகி, நியம விலகல் அதே 15ஆக இருந்தால் அதே 70க்கு 1.2. ஒரே புள்ளி, ஒரே பிள்ளை, ஒரே உழைப்பு. மாறியது கூட எழுதியவர்கள் மட்டும். எனவே இசட் புள்ளி உங்கள் அறிவை அளக்கும் கோல் அல்ல. அந்த வருடம் எழுதியவர்களுக்கு நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் அது சொல்லும். இரண்டு வருடங்களின் இசட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து தசமத்தின் நான்காம் தானம் வரை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர், எதை ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் ஒப்பிடுகிறார்.

கையில் இருக்கும் இசட் புள்ளியே மாறிய கதையும் இந்த நாட்டில் உண்டு. 2011 உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் எழுதினார்கள். இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். அந்த வருட இறுதியில் பெறுபேறு வந்தது. மாவட்ட நிலைகளில் குளறுபடி என்று உடனேயே கூச்சல் எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2012 ஜூனில் அந்தக் கணிப்பு செல்லாது, இரு குழுவையும் தனித்தனியாக வைத்துக் கணிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அரை வருடம் ஒரு புள்ளியை நம்பிக் காத்திருந்த பிள்ளைகளுக்கு வேறொரு புள்ளி வந்தது. சொந்தப் புள்ளிக்கே அந்த நிலை என்றால், இன்னொருவருடைய போன வருடப் புள்ளி உங்களுக்கு என்ன உத்தரவாதம் தரும்?

இந்தப் பொய்யின் மறுபக்கம் இன்னும் கொடியது. தாண்டியவர்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கிற அதே வாய், தாண்டாதவர்களுக்குப் பொய் விரக்தி கொடுக்கிறது. "போன வருஷத்துக்கு உனக்குக் காணாது, அந்தப் பாடநெறியைப் போடாதே" என்று சொல்லி விண்ணப்பத்திலிருந்தே அடித்துவிடுகிறார்கள். வெட்டுப்புள்ளி ஏறுவது போலவே இறங்கவும் செய்யும். முதல் பட்டியலில் தெரிவானவர்கள் சிலர் பதிவு செய்யாமல் விடுவார்கள். அந்த வெற்றிடங்கள் பிறகு நிரப்பப்படும். அப்போது கோடு இன்னும் கீழே வரும். விண்ணப்பத்தில் எழுதாத பாடநெறி மட்டும் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. ஒரு தாய் கேட்டார்: "கெடைக்காதுன்னு தெரிஞ்சும் எதுக்குங்க சேர் எழுதணும்?" தெரிந்தது யாருக்கு அம்மா? ஆணைக்குழுவின் கணினிக்கே இன்னும் தெரியாது.

அப்படியானால் போன வருட வெட்டுப்புள்ளி குப்பையா? இல்லை. மூன்று நான்கு வருட அட்டவணைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒரு பாடநெறி எந்தப் பரப்பில் ஆடுகிறது என்று தெரியும். அந்தப் பரப்புக்கு மிக மேலே நிற்பவர் ஓரளவு நிம்மதியாகத் தூங்கலாம். உள்ளே நிற்பவர் காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

நம்பிக்கை: பெறுபேற்றில் "தகுதி" என்று வந்தால் கம்பஸ் கிடைத்த மாதிரி

2024 உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெற்றவர்கள் 177,588 பேர். அரச பல்கலைக்கழகங்களில் வருடாந்தம் சேர்க்கப்படுவோர் நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும். நான்கு பேருக்கு ஓர் இடம் என்று வையுங்கள். மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் சித்தி, பொதுப் பரீட்சையில் 30 புள்ளி: தகுதி என்றால் இதுதான். அது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு. பதாகை அச்சடிக்க அது போதாது.

நம்பிக்கை: மாவட்ட நிலை நன்றாக இருந்தால் போதும்

மாவட்ட நிலை நல்ல சேதிதான். ஆனால் பெறுபேற்றுத் தாளில் இருக்கும் மாவட்டமும் ஆணைக்குழு ஏற்கும் மாவட்டமும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். எங்கே, எத்தனை காலம் படித்தீர்கள் என்ற பாடசாலைப் பதிவைப் பார்த்துத்தான் ஆணைக்குழு மாவட்டத்தை முடிவு செய்யும். இடையில் பாடசாலை மாறிய பிள்ளைகள் அனுமதிக் கைநூலின் அந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். தவிர, சில பாடநெறிகளுக்கு அகில இலங்கைத் தகைமை மட்டுமே. அங்கே மாவட்டக் கணக்கே கிடையாது.

நம்பிக்கை: மலையகத் தமிழருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு

இல்லை. 1974இல் வந்ததும் சரி, இன்று இருப்பதும் சரி, மாவட்ட ஒதுக்கீடு. நுவரெலியாவின் பங்குக்குத் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

நம்பிக்கை: தலைவரின் கடிதம் இருந்தால் ஆகும்

தோட்டத்தில் வீடு, வீதி, வேலை எல்லாவற்றுக்கும் கடிதம் தேடிப் பழகிவிட்டோம். பல்கலைக்கழக இடத்துக்குக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அவர் உங்களை ஏமாற்றுகிறார். இசட் புள்ளி வரிசைக்குள் எந்தத் தலைவரின் கையெழுத்தும் நுழையாது.

நம்பிக்கை: வட்ஸ்அப்பில் வந்த "கசிந்த" பட்டியலில் பெயர் இருந்தது

ஆணைக்குழுவின் இணையத்தளத்தில், உங்கள் சொந்தக் கணக்குக்குள் நுழைந்து பார்த்தது மட்டுமே செய்தி. மற்றதெல்லாம் யாரோ எக்செல்லில் தட்டியது. அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நம்பிக்கை: முதல் தெரிவில் எழுதாத பாடநெறி கிடைக்காது

கிடைக்கும். உங்கள் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் புள்ளி எட்டுகிற முதல் பாடநெறியைக் கொடுப்பார்கள். ஆகவே கிடைக்கக்கூடியதை முதலில் எழுதும் தந்திரம் வேண்டாம். எதைப் படிக்க அதிக விருப்பமோ அதை முதலில் எழுதுங்கள். அந்தத் தந்திரத்தால் இழந்தவர்கள் உண்டு; வென்றவரை நான் பார்த்ததில்லை.

நம்பிக்கை: உளச்சார்புப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள் என்றால் எடுத்துக்கொண்டார்கள்

கட்டடக்கலை, இசை, நடனம், சித்திரம் போன்ற பாடநெறிகளுக்கு அந்தப் பரீட்சை ஒரு வாசல். அதில் சித்தியடைந்த பிறகும் இசட் புள்ளி வரிசை காத்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, யாரும் கேட்காத ஒன்றையும் நான் சொல்லத்தான் வேண்டும். வெட்டுப்புள்ளி அட்டவணையில் சில கட்டங்களில் எண்ணே இருக்காது, என்.கியூ.சி. என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து இருக்கும். தகுதியான விண்ணப்பதாரர் எவரும் இல்லை என்று அர்த்தம். வெட்டுப்புள்ளி கூடிவிட்டது என்று நாம் அழுகிறோம். இடம் இருந்தும் கேட்க ஆள் இல்லாத கட்டங்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஆள் எங்கிருந்து வருவார்? விஞ்ஞான, கணித உயர்தர வகுப்பு நடத்த 1ஏபி தரப் பாடசாலை வேண்டும். நம் தோட்டங்களைச் சுற்றி இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆரம்பப் பாடசாலைகள், அல்லது சாதாரண தரத்தோடு நின்றுவிடுபவை. உயர்தரம் இருக்கிற இடத்திலும் கலையும் வர்த்தகமும்தான். 1ஏபி என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் பாடசாலைகளிலேயே தமிழ் மொழியில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாமல் வெள்ளை அடித்த ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது. அதே நேரம் வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்கே பதிந்து, இங்கே பரீட்சை எழுதி, நம் மாவட்டப் பங்கை எடுத்துப் போகிறார்கள் என்ற முறைப்பாடு பல வருடங்களாகக் கேட்கிறது. அதைத் தடுக்கக் கோரி ஊர்வலம் போகிறவர்கள், ஒரு பௌதிகவியல் ஆசிரியரைக் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் போட்டார்களா? பதாகைக்குச் செலவழித்த பணத்தில் ஒரு பாடசாலைக்கு ஒரு வருடத்துக்கான ஆய்வுகூடப் பொருள் வாங்கியிருக்கலாம். வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பேசும் வாய்கள் ஒருமுறை வகுப்பறையைப் பற்றியும் பேசட்டும்.

டியூஷன் சேர்மாருக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளையிடம் "உனக்கு உறுதி" என்று சொல்லுமுன், அந்தப் பாடநெறியில் நம் மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போடத் தெரியாவிட்டால் பேசாமல் இருங்கள். உங்கள் விளம்பரத் துண்டில் ஒரு பெயர் கூடுவதற்காக ஒரு குடும்பம் கடனில் விழ வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்: கைநூலை முழுதாக வாசியுங்கள். உங்களுக்குப் பொருந்தும் பாடநெறிகள் அனைத்தையும், விருப்ப வரிசைப்படி, விண்ணப்பத்தில் எழுதுங்கள். கொமியூனிகேஷன் கடைக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் கொடுக்காதீர்கள். தெரிவான செய்தி அவருடைய கைபேசிக்குப் போய், பதிவுத் திகதி முடிந்த பின் உங்களிடம் வந்து சேரும். உங்கள் சொந்த இலக்கம், சொந்த மின்னஞ்சல், கடவுச்சொல் ஒரு கொப்பியில். தோட்ட அலுவலகத்துக்கு வரும் தபாலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கல்வியியற் கல்லூரி, உயர் தொழினுட்ப நிறுவகம், திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விண்ணப்பத் திகதிகளைச் சுவரில் எழுதி வைத்து, கம்பஸ் வரும் வராது என்ற பேச்சைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் உங்கள் பெயரைப் பார்க்கும் வரை உங்களுக்கு இடம் கிடைக்கவும் இல்லை, கிடைக்காமல் போகவும் இல்லை.